குற்றவாளி இல்லாத குற்றங்கள்

இலக்கியத் திங்களிதழ் கவிதையையும் சிறுகதையையும் நாவலையும் விமர்சிக்கலாம்; ஆணைக்குழுவின் அறிக்கையையும் நீதிமன்றத்தின் கட்டளையையும் விமர்சிக்கப் புகுவது அதன் வேலைதானா என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். எமது விடை சுருக்கமானது. ஒரு காலத்து மக்களின் வாழ்வையும் சாவையும் பின்வரும் தலைமுறைக்குச் சொல்லி வைக்கும் எழுத்து எதுவாயினும் அது விமர்சனத்துக்கு உரியதே. திருகோணமலையில் கமக்காரரும் மாணவரும் தொண்டர்களும் எவ்வாறு மாண்டனர் என்று நாளைய சரித்திர ஆசிரியன் தேடும்பொழுது, அவன் கையில் முதலில் அகப்படப்போவது அரசாங்கம் எழுதி வைத்த கோப்புகளே. அக்கோப்புகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று ஆராய்வது நமது கடமையாகிறது.

அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிப்போருக்கு ஒரு பொதுத்தன்மை புலனாகும். கொலை நடந்ததை எந்தக் கோப்பும் மறுக்கவில்லை. பிணங்கள் எண்ணப்பட்டுள்ளன, காயங்கள் அளக்கப்பட்டுள்ளன, நாளும் நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் கொன்றவர் யார், அவருக்குக் கட்டளையிட்டவர் யார் என்னும் இடம் வரும்பொழுது எழுத்து நின்றுவிடுகிறது. குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை என்பதே திருமலைக் கோப்புகளின் முடிவு.

குமாரபுரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மூதூர்ப் பகுதியில் கிளிவெட்டியை அடுத்துள்ள ஏழைச் சிற்றூர் அது. 1996 பெப்ரவரி 11 ஆம் தேதி இராணுவத்தினர் அவ்வூரினுட் புகுந்து, பெண்களும் குழந்தைகளும் அடங்க 24 பேரைக் கொன்றனர். படைவீரர் சிலர் கைது செய்யப்பட்டனர். உயிர் தப்பியோர் சாட்சியம் கூறினர். வழக்கு திருகோணமலை மாவட்டத்தை விட்டு அநுராதபுர மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தமிழைத் தவிர வேறு மொழி அறியாத கிராமத்து மக்கள் நெடுந்தூரம் பயணம் செய்து, சிங்களம் பேசும் ஜூரிமார் முன்னிலையில் தம் குடும்பத்தின் சாவை விவரிக்க வேண்டியதாயிற்று. 20 ஆண்டுகள் கழிந்தபின், 2016 ஜூலை 27 இல், எஞ்சியிருந்த ஆறு எதிரிகளும் விடுவிக்கப்பட்டனர். குற்றக்கூண்டில் நின்றவர்கள் அனைவரும் கோப்ரல் தரத்தைத் தாண்டாதவர்கள். அன்று அம்முகாமுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரிகளின் பொறுப்பு என்ன என்ற கேள்வி அவ்வழக்கில் எழவேயில்லை.

அடுத்தது நகரத்தின் நடுவிலேயே நடந்தது. 2006 ஜனவரி 2 ஆம் தேதி மாலை, திருமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அண்மையில் மாணவர் சிலர் கூடியிருந்தனர். முச்சக்கர வண்டியொன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. பின்னர் சீருடை அணிந்தோர் வந்தனர். ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். தாம் கொண்டுவந்த குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது. ஆனால் பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் கண்டது. பிணவறையில் அக்காயங்களைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியவர் ‘சுடர் ஒளி’ நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அவர் அம்மாதம் 24 ஆம் தேதியே திருமலை வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி சொல்லத் துணிந்த மருத்துவரான தந்தை ஒருவர் தம் குடும்பத்துடன் நாட்டை விட்டே போக நேர்ந்தது. விசேட அதிரடிப்படையைச் சேர்ந்தோர் உள்ளிட்ட 13 பேர் 2013 இல் கைதாகிச் சில மாதங்களிற் பிணையில் வெளிவந்தனர். போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலைப் பிரதம நீதவான் 2019 ஜூலை 3 இல் அவர்களை விடுவித்தார். சாட்சியைக் கொன்றும் துரத்தியும் விட்ட பின்னர், சாட்சி இல்லை என்று எழுதுவது எளிது. நீதவானைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அவர்முன் வைக்கப்பட்டதைக் கொண்டே அவர் தீர்ப்பளித்தார். அவர்முன் வைக்கப்படாமற் போனது எப்படி என்பதே கேள்வி.

அதே ஆண்டு ஆகஸ்ட் 4 இல் மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டர் ஸ்தாபனத்தின் உள்ளூர் ஊழியர் 17 பேர், ஸ்தாபனத்தின் பெயர் பொறித்த சட்டையுடனேயே, தம் அலுவலக வளவினுட் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களுக்கு உதவ வந்தவர்கள் அவர்கள். அரசாங்கப் படையினரே பொறுப்பு என்று யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் அம்மாத இறுதியிலேயே அறிவித்தார். ஸ்தாபனமும் ஏழாண்டு காத்திருந்து, உள்நாட்டில் நீதி கிட்டாது என்று கண்டபின், 2013 இல் வெளியிட்ட தன் அறிக்கையில் அதே முடிவுக்கு வந்தது. அரசாங்கம் அதனை மறுத்தது. இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இவ்விரு கொலைகளும் நீதியரசர் நிசங்க உதலாகம தலைமையில் அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் வந்தன. அதன் நடவடிக்கைகளைக் கவனிக்க, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதியின் தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழுவொன்றும் அழைக்கப்பட்டது. அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரான சட்டமா அதிபரின் திணைக்களமே ஆணைக்குழுவுக்கும் வழிகாட்டுவது முறையன்று என்று அப்பிரமுகர்கள் ஆட்சேபித்தனர். உண்மையைத் தேடும் அரசியல் விருப்பத்தைக் காணோம் என்று கூறி 2008 இல் விலகிக்கொண்டனர். வெளிநாடுகளில் தஞ்சம் புகுந்த சாட்சிகள் காணொளி வழியே கூறிவந்த சாட்சியமும் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. 2009 இல் முடிந்த அறிக்கை 2015 வரை மக்களுக்குக் காட்டப்படவில்லை. வெளிவந்த அறிக்கையைப் படித்தால், மாணவர் கொலையில் சீருடையாளருக்குத் தொடர்பிருக்கலாம் என்று ஊகிக்க வலுவான காரணம் உண்டு என்கிறது. மூதூர்க் கொலையிலோ இராணுவத்துக்குப் பங்கில்லை என்கிறது. முதலாவதில் ஊகம் உண்டு, பெயர் இல்லை. இரண்டாவதில் விடுதலை உண்டு, விளக்கம் போதாது. நாவலாசிரியன் ஒருவன் இவ்விதம் கதையை முடித்திருந்தால் நாம் அவனை விட்டிருக்க மாட்டோம்.

நான்காவது கோப்பு துறைமுகத்தின் உள்ளேயே இருக்கிறது. 1957 இல் பிரித்தானியக் கடற்படை திருமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றபொழுது, அந்நிய ஆதிக்கத்தின் சின்னம் அகன்றதென்று இன பேதமின்றி முற்போக்காளர் யாவரும் மகிழ்ந்தனர். அத்தளத்தினுள்ளே நிலத்தடிச் சிறைக்கூடங்கள் இயங்கியதை, பலவந்தமாகக் காணாமலாக்கப்படுவோர் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழு 2015 நவம்பரில் நேரிற் சென்று பார்த்தது. ‘கன் சைட்’ என்பது அவ்விடத்துக்குக் கடற்படையினர் வழங்கிய பெயர். 2008 இலும் 2009 இலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட 11 பேரை அங்கே அடைத்து வைத்தனர் என்பது வழக்கு. அவர்களிடையே தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். கப்பம் பெறுவதற்காகவே கடத்தல் நடந்தது என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கூறியது. இவ்விசாரணைக்கு வித்திட்டது அன்றைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தம் கீழிருந்த அதிகாரி ஒருவரைப் பற்றி 2009 இற் செய்த முறைப்பாடே. விசாரணை வளர்ந்து, 2019 நவம்பரில் 667 குற்றச்சாட்டுகளுடன் 14 பேர்மீது மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்றில் வழக்குத் தொடரப்பட்டது. எதிரிகளில் ஒருவர் கரன்னாகொட. நடந்ததை அறிந்திருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதே அவர்மீதான குற்றச்சாட்டின் சாரம். அவர் அதை மறுத்தார். 2021 அக்டோபரில், அவருக்கெதிரான வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவித்தார். காரணம் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார்.

அவர் குற்றவாளியா என்று தீர்ப்புக் கூற நாம் நீதிமன்றமல்ல. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டிய நீதிமன்றத்துக்கும் அந்த வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்பதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

நான்கு கோப்புகளும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அரசாங்க எழுத்து இவற்றை ஒருபொழுதும் சேர்த்துப் படித்ததில்லை. ஒவ்வொன்றும் அதற்கு ஒரு ‘சம்பவம்’. சம்பவம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் ஒரு வசதி உண்டு: அது தானே சம்பவிப்பது, அதற்குச் செய்பவன் வேண்டியதில்லை. மழை பெய்தது, மரம் விழுந்தது என்பதுபோல மாணவர் ஐவர் இறந்த சம்பவம் நிகழ்ந்தது என்று எழுதிவிடலாம். தனித்தனிச் சம்பவங்களாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் துப்பாக்கி விசையை இழுத்த விரலை மட்டும் தேடினாற் போதும். அந்த விரலும் அகப்படாவிடில் கோப்பை மூடிவிடலாம்.

இதற்கு மாறான ஒரு சட்டச் சிந்தனை உலகில் உண்டு. மானுடத்துக்கு எதிரான குற்றம் என்னும் சொல், 1945 ஆகஸ்ட் 8 இல் லண்டனிற் கையெழுத்தான சாசனத்தின் மூலம் நூரம்பேர்க் நீதிமன்றத்தின் சட்டமாயிற்று. பொதுமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ நடத்தப்படும் தாக்குதலின் பகுதியாக அமையும் கொலையும் சித்திரவதையும் காணாமலாக்குதலும் இன்று அச்சொல்லில் அடங்கும். சம்பவங்களைத் தொகுத்துப் பார், அவற்றின் ஒழுங்கைக் காண், அவ்வொழுங்கை ஆக்கியவனையும் அனுமதித்தவனையும் கூண்டில் நிறுத்து என்று அது சொல்கிறது. பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைக்குத் தலைமை தாங்கிய யமஷித்தா, தம் படையினரின் கொடுமைகளைத் தடுக்கத் தவறினார் என்பதற்காகவே 1946 இல் தூக்கிலிடப்பட்டார். வென்றவர் தோற்றவரை அவசரமாக விசாரித்த அவ்வழக்கின் நடைமுறையைப் பலரும் கண்டித்துள்ளனர். ஆயினும் அதன் கோட்பாடு செம்மையாகி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் 28 ஆம் உறுப்புரையாக நிலைபெற்றுள்ளது. அறிந்திருந்தும், அறிந்திருக்க வேண்டியிருந்தும், தடுக்காமலும் தண்டிக்காமலும் இருந்த தளபதி பொறுப்பாளியே. இலங்கை அச்சாசனத்தில் சேரவில்லை. 1883 ஆம் ஆண்டில் அந்நியர் ஆக்கிய தண்டனைக் கோவையே இன்றும் ஆள்கிறது. அதில் இக்குற்றத்துக்குப் பெயரே கிடையாது.

முன்பு இல்லாத சட்டத்தைக் கொண்டு பின்பு தண்டிப்பது நீதியா என்று சட்டம் படித்தோர் ஆட்சேபிப்பர். நியாயமான ஆட்சேபமே. ஆனால் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரை அதற்கு விடை வைத்திருக்கிறது: நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி ஒரு செயல் செய்யப்பட்ட காலத்திலேயே குற்றமாயிருந்தால், அதை விசாரித்துத் தண்டிக்கத் தடையில்லை. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1982 இல் சேபால ஏக்கநாயக்க இத்தாலிய விமானத்தைக் கடத்தியபொழுது, அதற்கென உள்நாட்டுச் சட்டம் இருக்கவில்லை. நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டமியற்றி அதை முன்னோக்கிய காலத்துக்கும் செல்லுபடியாக்கியது. அவர் அச்சட்டத்தின் கீழேயே தண்டனை பெற்றார். ஒரு விமானத்துக்காக ஆக முடிந்தது, காணாமலாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்களுக்காக ஏன் ஆகாது? காணாமலாக்குதலைத் தனிக் குற்றமாக்கிய 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமோ, அதற்கு முன் காணாமற்போனவர்களுக்கு எட்டாத வகையிலேயே விடப்பட்டது.

படையினரைத் தண்டிப்பது சிங்கள மக்களுக்கு எதிரான செயல் என்று சிலர் கூச்சலிடுகின்றனர். சரித்திரத்தைப் புரட்டினால் அது பொய்யென்பது விளங்கும். 1971 இற் கதிர்காமத்தில் இராணுவத்தாற் கொல்லப்பட்ட பிரேமவதி மனம்பேரி சிங்களப் பெண். 1989 இலும் 1990 இலும் எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொண்டுபோகப்பட்டு மறைந்த பாடசாலை மாணவர்கள் சிங்களக் குழந்தைகள். அவ்விரு வழக்குகளிலும் சிலர் தண்டனை பெற்றனர். ஆனால் எம்பிலிப்பிட்டிய வழக்கில் தலைமை வகித்த பிரிகேடியர் விடுதலையானார். கிருசாந்தி குமாரசுவாமி வழக்கில் 1998 இல் தண்டிக்கப்பட்ட கோப்ரல் ஒருவன், மேலதிகாரிகளின் ஆணைப்படி செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டன என்று கூண்டிலிருந்தே கூறினான். 1999 இல் 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025 இல் செம்மணியில் நடந்த அகழ்வில் 200 க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் வெளிவந்தன. அவன் சொன்ன மேலதிகாரிகள் எவரும் தண்டிக்கப்படவில்லை. மிருசுவிலில் எண்மரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற படையினனும் 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தான். தண்டனை கிடைத்த வழக்குகளிலெல்லாம் அது கீழ்ப்படியோடு நின்றுவிட்டது. அக்கீழ்ப்படியில் நிற்பவனோ பெரும்பாலும் வேலையற்ற கிராமத்து இளைஞன். வயிற்றுப் பிழைப்புக்காகப் படையிற் சேர்ந்தவன்.

புலிகள் கொலை செய்யவில்லையா என்ற கேள்வியும் வரும். செய்தார்கள். 1990 இற் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதற்கு மானுடத்துக்கு எதிரான குற்றம் என்பதைத் தவிர வேறு பெயரில்லை. அளவுகோல் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதே எமது வாதம். ஆனால் மக்களின் வரிப்பணத்தில் துப்பாக்கி தாங்கி, மக்களின் பெயரால் சட்டம் நடத்தும் அரசு, எதிரியின் குற்றத்தைக் காட்டித் தன் குற்றத்தை மறைக்க இடமில்லை.

இது நிறைவேறக்கூடிய காரியமா? ஆர்ஜென்டீனாவைப் பார்ப்போம். அங்கும் ஒரு கடற்படை ஸ்தாபனமே கொடுஞ்சிறையாயிற்று. தலைநகர் புவனஸ் அயர்ஸிலிருந்த கடற்படை இயந்திரப் பயிற்சிக் கல்லூரியில் சுமார் 5,000 பேர் அடைக்கப்பட்டனர், பெரும்பாலோர் திரும்பவில்லை. 1985 இல், குடியாட்சி மீண்ட இரண்டே ஆண்டில், சாதாரண நீதிமன்றமே ஜெனரல் விதேலாவுக்கும் அட்மிரல் மஸேராவுக்கும் ஆயுட்சிறை விதித்தது. படைகள் முணுமுணுத்தன; அஞ்சிய அரசாங்கம் 1986 இலும் 1987 இலும் வழக்குகளை முடக்கும் சட்டங்களை இயற்றியது; பின்னர் மன்னிப்பும் வந்தது. ஆனால் தாய்மாரும் பாட்டிமாரும் சதுக்கத்தை விட்டு அகலவில்லை. 2003 இல் நாடாளுமன்றம் அச்சட்டங்களை நீக்கியது. 2005 இல் உச்ச நீதிமன்றம் அவை செல்லா என்றது. 2011 இல் அக்கல்லூரியின் கொடியோர் பலர் ஆயுட்சிறை பெற்றனர். அக்கட்டடம் இன்று நினைவுக் காட்சிச்சாலை. நம் நாட்டுத் தாய்மாரும் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்து கேட்கின்றனர். அவர்களிற் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டனர்.

இனி நமது இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இக்கொலைகளைப் பற்றி நாம் நிறையவே புலம்பியிருக்கிறோம். கடலையும் காற்றையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறோம். ஊழ் என்றும் சாபம் என்றும் எழுதிய பக்கங்களும் உண்டு. அப்பக்கங்களிலும் செய்தவன் மறைந்துபோகிறான். இவ்வகையில் அவை அரசாங்கக் கோப்பினின்றும் வெகுதூரம் விலகியவை அல்ல. கிழக்கு மாகாணத்து மக்கள் வைகாசி தோறும் குளிர்த்தி பாடிக் கொண்டாடும் கண்ணகி அழுததோடு நிற்கவில்லை. அவள் அரசவைக்குச் சென்றாள்; குற்றத்தைக் கூறினாள்; சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அவள் வாதத்தைக் கேட்ட பாண்டியன், வாளெடுத்த காவலன்மீதும் பொய்யுரைத்த பொற்கொல்லன்மீதும் பழியைப் போட்டுத் தப்ப முயலவில்லை. ஆணையிட்டவன் தானே என்று ஏற்றான். ஆணையிட்டவனே பொறுப்பாளி என்னும் கோட்பாடு மேனாட்டிலிருந்து இறக்குமதியாகிறது என்போர் இதைச் சிந்திக்க வேண்டும். அதே கண்ணகியைப் பத்தினித் தெய்வம் என்று சிங்கள மக்களும் வணங்குகிறார்கள். இரு மக்களுக்கும் பொதுவான நீதி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. சுகிர்தராஜனின் ஒளிப்படக்கருவி அச்சிலம்பின் வேலையைத்தான் செய்தது.

2025 ஜூலையில், முன்னாள் கடற்படைத் தளபதி நிசாந்த உலுகேதென்ன, தாம் கடற்படைப் புலனாய்வுப் பணிப்பாளராயிருந்த காலத்தில் ஒருவர் காணாமலாக்கப்பட்டமை தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். அவ்விசாரணையிலும் திருமலை நிலத்தடிச் சிறையின் பெயர் அடிபட்டது. கைது தீர்ப்பாகாது. அவருக்கும் நியாயமான விசாரணை உரியது. ஆனால் இதுகாறும் கீழ்ப்படியிலேயே நின்ற சட்டம் மேற்படியை நோக்கித் தலை நிமிர்ந்தது கவனிக்கத்தக்கது. சட்டமா அதிபரின் பிடியிலிருந்து வழக்குத் தொடரும் அதிகாரத்தைப் பிரித்துச் சுயாதீன அலுவலகம் ஒன்றிடம் கொடுக்கும் பேச்சும் எழுந்துள்ளது. அப்பேச்சு மெய்யா என்பதை அறிய மக்களிடம் சில எளிய கேள்விகள் உண்டு. மானுடத்துக்கு எதிரான குற்றம் நாட்டின் சட்டத்தில் எழுதப்படுமா? தளபதியின் பொறுப்பு அதில் இடம்பெறுமா? வெளிநாட்டிலுள்ள சாட்சிகளின் குரலை நீதிமன்றம் கேட்குமா? கைவிடப்பட்ட வழக்கு ஏன் கைவிடப்பட்டது என்பதற்குக் காரணம் எழுத்திற் கூறப்படுமா?

இக்கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் எழுப்புவது எழுத்தாளர் கடமை. அதற்கு முதற்படியாக, குமாரபுரத்திலும் மூதூரிலும் திருமலைக் கடற்கரையிலும் உயிர் தப்பியோர், கண்டோர், உறவினர் ஆகியோரின் வாக்குமூலங்களை நாளோடும் இடத்தோடும், அவர்கள் பாதுகாப்புக்குப் பங்கம் வராத வகையில், இரு மொழிகளிலும் பதிந்து வைக்கும்படி நேயர்களையும் எழுத்தாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். குமாரபுரத்து முதியவர்களிற் பலருக்கு இன்னும் பத்தாண்டு காத்திருக்க ஆயுள் இராது.